துண்டு, தகரம், தராசு

(மாத்தளையில் அண்மையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில், தோட்டத் தொழிலாளரும் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடியிருந்த அவையில், சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை இங்கு தரப்படுகிறது.)



அரசியல் மேடையில் ஏறுவோர் பெருந்தலைவர்களைப் பற்றிப் பேசுவர். தேர்தலைப் பற்றிப் பேசுவர். ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுவர். இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம் அவற்றைவிட மிகச் சிறியது. கையில் அடங்கும் ஒரு காகிதத் துண்டு. ஒரு தகரத் தகடு. கொழுந்து நிறுக்கும் ஒரு தராசு. சட்டைப் பையில் கிடக்கும் ஓர் அட்டை. இவ்வளவே.

"இவையும் அரசியலா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், இவைதாம் அரசியல்! சட்டம் கொழும்பிலே பிறக்கிறது. ஆனால் அது எல்க்கடுவையிலும் இரத்தோட்டையிலும் உள்ள ஒரு லயத்தின் வாசலுக்குச் சட்டப் புத்தகமாக வருவதில்லை. துண்டாக வருகிறது, தராசாக வருகிறது, அட்டையாக வருகிறது. அந்தப் பொருளை எவன் கையில் வைத்திருக்கிறான், எவன் அதை வாசிக்கிறான், எவன் அதன் முன்னால் கைகட்டி நிற்கிறான் என்று பார்த்தால், அந்தச் சமுதாயத்தின் முழு அமைப்பும் விளங்கிவிடும்.

செடி அமைத்த சமுதாயம்

இந்த மாத்தளை மலைநாட்டின் வாசல். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கியபோது, தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் கால்நடையாக நடந்து, தம்புள்ளையைக் கடந்து இவ்வூருக்குத்தான் வந்து சேர்ந்தனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் எண்ணற்றோர். உயிரோடு வந்து சேர்ந்தோர் மாரியை வழிபட்டனர். அம்மை நோய்க்கும் கொள்ளை நோய்க்கும் அஞ்சிய மக்களின் தெய்வம் இன்று முத்துமாரியாக இந்நகரின் நடுவிலே கொலுவிருக்கிறாள். மாசி மகத்தில் பஞ்சரதம் ஓடும் வீதி, நம் பாட்டன்மார் நடந்து வந்த வீதியே என்பதை மறவாதீர்கள்.

1880இல் கண்டியிலிருந்து புகையிரதம் மாத்தளைக்கு வந்தது. எதற்காக வந்தது? கோப்பி மூட்டைகளைக் கீழே இறக்குவதற்காக வந்தது. ஆனால் இருப்புப் பாதை வந்து சேர்ந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைநோய் தோட்டந்தோட்டமாகப் பரவி, சில ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரையே அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு மட்டும் ஆள் தேவை. அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. இன்று பறித்த செடி சில நாளில் மீண்டும் கொழுந்து விடும். ஆகவே ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பறிக்கும் கை பெண்ணின் கையாக வேண்டும். குடும்பம் குடும்பமாகத் தங்க வேண்டும். வந்து போன கூட்டம் வேரூன்றிய சமுதாயமாக மாறியதற்கு அந்தச் செடியும் ஒரு காரணம். நம்மை 'வந்தேறிகள்' என்று பின்னாளில் ஏசியவர்கள், நம்மை இங்கே தங்க வைத்தது அவர்களுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த தேயிலையே என்பதை வசதியாக மறந்துவிட்டனர்.

துண்டு என்னும் விலங்கு

இனித் துண்டுக்கு வருவோம். ஆங்கிலேயரின் சட்ட ஏடுகளில் தமிழ்ச் சொற்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று 'துண்டு'. அவர்கள் மொழியில் அதற்கு ஈடான சொல் இல்லாமற் போனதற்குக் காரணம், அவர்கள் நாட்டில் அப்படியொரு பொருள் இல்லாமையே!

துண்டு என்பது யாது? தோட்டத்துத் துரை ஒரு காகிதத்தில் எழுதுவான்: 'இன்ன கங்காணியையும் அவனுடைய இத்தனை ஆட்களையும், இவ்வளவு ரூபா கடன் தீர்க்கப்பட்டால் விடுவிப்பேன்'. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டங்களுக்குப் போவான். எந்தத் துரை அந்தத் தொகையைக் கட்டினானோ அவனிடம் ஆட்கள் போய்ச் சேர்வர். கடன் தீர்ந்ததா? இல்லை, ஒரு தோட்டத்துக் கடன் மற்றொரு தோட்டத்துக் கடனாயிற்று. ஆள் தட்டுப்பாடு மிகுந்த காலத்தில் துண்டின் தொகை ஏறிற்று. அதில் தன் பங்கு எவ்வளவு என்பது எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குத் தெரியாது. தன் பேரில் எழுதப்பட்ட கடனைத் தானே வாசிக்க முடியாதவன் எப்படி அதைத் தீர்ப்பான்?

அதற்குத் துணையாக நின்றது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளி வாய்மொழியாகச் செய்துகொண்ட மாத ஒப்பந்தம் மாதந்தோறும் தானே புதுப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. முன்னறிவித்தல் கொடாது வேலையை விட்டால் அது குற்றம், சிறை! கூலி தராத துரைக்கு எதிராகத் தொழிலாளி நீதிமன்றம் ஏறலாம் என்று எழுத்தில் இருந்தது. ஏறுவதற்கு வழிச்செலவும் எழுத்தறிவும் எங்கே?

இந்த விலங்கை உடைக்கச் சட்டம் கற்ற தமிழர் முன்வந்தனர் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டும். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி, தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கனுப்பும் சட்டத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தார். பெரி சுந்தரம் அவருக்குத் துணை நின்றார். இந்தியாவிலும் கண்டனம் எழுந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது.

துண்டு ஒழிந்தது, ஆனால் காகிதத்தின் அதிகாரம் ஒழியவில்லை. பற்றுச்சீட்டு எஞ்சியது. 'பற்றுச்சீட்டுக் கிழித்துவிட்டான்' என்று மலைநாட்டார் சொல்லும்போது அதன் பொருள் வேலை போயிற்று என்பது மட்டுமா? வேலையோடு கட்டுண்டது லயக்காம்பரா. வேலை போனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூரையும் போயிற்று. பிள்ளையின் பள்ளிக்கூடமும் போயிற்று.

தகரம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்றொரு பொருள் வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த சிறு தகரத் தகடு. கங்காணி அத்தகடுகளைத் தமிழகத்துக்குக் கொண்டுபோய் ஆள் சேர்ப்பான். தகடு உள்ளவனுக்கு முகாமில் சோறும் பயணமும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் இருப்புப் பாதையும் இணைந்த பின்னர், நடந்து சாகும் கொடுமை நீங்கிற்று. இதை நாம் மறுக்கவில்லை. விஞ்ஞானம் உயிரைக் காத்தது.

ஆனால் தகடு சொன்னது என்ன? அதில் மனிதனின் பெயர் முக்கியமன்று. அவன் ஊர் முக்கியமன்று. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டிய சரக்கு என்பதே முக்கியம். பெட்டியில் முகவரி ஒட்டுவது போல மனிதனுக்கும் முகவரி கட்டினர்! கப்பலும் தகரமும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள். பயணத்தை எளிதாக்கிய அதே கை, பயணியை இலக்கமாக்கிற்று. புதிய கருவி எதுவாயினும் அது எதைத் தருகிறது என்று கேட்பதோடு, பதிலுக்கு நம்மிடமிருந்து எதை எடுக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

பேரும் அரைப்பேரும்

தாய்மார்களே! உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்லப் போகிறோம். 'இன்றைக்குப் பேர் கிடைத்ததா?' என்று தோட்டத்தில் கேட்டால் என்ன பொருள்? ஒரு நாள் கூலி செக்ரோலில் பதியப்பட்டதா என்பது பொருள். குறித்த அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். உலகில் வேறெங்கேனும் மனிதனின் பெயரைப் பாதியாக வெட்டும் வழக்கம் உண்டா? ஒரு கணக்கேடு மொழிக்குள்ளேயே புகுந்து, பேர் என்னும் சொல்லைக் கூலி என்னும் பொருளுக்கு மாற்றிவிட்டது. நாமும் அதை வியப்பின்றிப் பேசிப் பழகிவிட்டோம். இதுவே பொருள்களின் வலிமை.

அந்தப் பேரைத் தீர்மானிப்பது தராசு. பறிப்பவர் பெண்; நிறுப்பவரும் எழுதுபவரும் பெரும்பாலும் ஆண். கூடைக்கென்று கழிவு, மழைநாளில் ஈரத்துக்கென்று கழிவு, முற்றிய இலைக்கென்று கழிவு. ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் எவ்வளவு என்பதை எவர் தீர்மானிக்கிறார்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு மூன்று முறை நிறுவை. ஒவ்வொரு முறையும் நியாயத்துக்கு மேலாக ஒரு கிலோ கழிந்தால், 25 நாளில் 75 கிலோ. நாளொன்றுக்கு 18 கிலோ அளவு என்று வைத்துக்கொண்டால், மாதத்தில் நான்கு நாள் உழைப்புக்கு மேல் காற்றிலே போயிற்று!

சம்பள உயர்வுக்காக நாம் கொழும்பிலே போராடுகிறோம். 1984 வரை பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. வேலைநிறுத்தம் செய்துதான் சமகூலி பெற்றோம். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாயிற்று. உடனே நடந்தது என்ன? பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது. வர்த்தமானியில் கிடைத்த உயர்வைத் தராசு தின்றுவிட்டது. சம்பளத்தை மட்டும் பார்த்துத் தராசைப் பாராத தொழிற்சங்கம், ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

இன்று பல தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்திருக்கிறது. முள் தராசை விட அது துல்லியமானதே. ஆனால் எண் காட்டும் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? நிறுப்பவர் பக்கமா, கொழுந்து கொண்டுவந்த தாயின் பக்கமா? அந்த ஒரு திருப்பத்திலேயே அரசியல் இருக்கிறது.

விவசாயப் பெருமக்களே! இது தோட்டத்துக் கதை மட்டும் என்று எண்ணாதீர்கள். மிளகு கொண்டு கடைக்குப் போகிறீர்கள். ஈரம் என்று ஒரு கழிவு. மரக்கறி மூட்டையைத் தம்புள்ளைச் சந்தையில் இறக்குகிறீர்கள். மூட்டைக்கு இத்தனை என்று ஒரு கழிவு. அங்கே கலேவெலையிலிருந்து வெங்காயம் கொண்டுவரும் சிங்கள விவசாயியும் உங்கள் பக்கத்திலே, அதே தராசின் முன்னே, அதே கழிவுக்கு உள்ளாகி நிற்கிறான். மொழி வேறு, தராசு ஒன்று. இதை அவனும் நாமும் உணரும் நாளில் இந்த மாவட்டத்தின் அரசியலே மாறும்.

ஒரே தப்பு, இரு குரல்

பொருள்கள் எப்போதும் ஆண்டவர்கள் பக்கமே நின்றன என்று நாம் சொல்லவில்லை. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு மக்களை எழுப்பியது தப்பு. அதன் ஓசை கேட்டால் குளிரிலும் மழையிலும் எழுந்தோட வேண்டும். அதே தப்புத்தான் காமன் கூத்தில் ஊர் கூட்டிற்று. சாவு வீட்டில் துயர் பகிர்ந்தது. கோவில் திருவிழாவில் முழங்கிற்று. துரையின் கட்டளையாக ஒலித்த தோற்கருவியை நம் மக்கள் தமது குரலாக மாற்றிக்கொண்டனர்.

தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரை நினையுங்கள். வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது தடுக்கப்பட்டிருந்த காலத்தில், புடவை வியாபாரியைப் போல் துணிமூட்டையுடன் அவர் உள்ளே சென்றார். துரையின் கண்ணுக்கு அது வியாபாரியின் மூட்டை. தொழிலாளிக்கோ விடுதலைச் செய்தி. ஆகவே தோழர்களே, கருவி எவன் செய்தது என்பது மட்டுமன்று. எவன் கையில், எந்த நோக்கத்துக்காக இருக்கிறது என்பதே அதன் பொருளை முடிவு செய்கிறது.

காகிதமில்லாத பத்து இலட்சம்

இப்போது நம் சரித்திரத்தின் கொடிய காகிதத்துக்கு வருகிறோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பன் இந்நாட்டில் பிறந்தமைக்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமோ, 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து வதிந்தமைக்குச் சான்று கேட்டது. அந்தச் சான்று எங்கே இருந்தது? தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. துரையின் அலுமாரியில் இருந்தது. உழைத்தவன் கையில் மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் இருந்தன. உழைத்தமைக்குச் சான்று வேறொருவன் கையில் இருந்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது.

கோமறைக் கழகம் வரை வழக்காடினோம். கோடாகன் பிள்ளை வழக்கில் 1953இல் கிடைத்த தீர்ப்பு அச்சட்டங்கள் செல்லுபடியாகும் என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், அச்சட்டத்தின் கீழ்ப் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. பின்னர் 1964 ஒக்டோபர் 30இல் இரு பிரதமர்கள் அமர்ந்து, 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களை எண்ணிப் பிரித்தனர்: 5 இலட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 இலட்சம் இங்கே, மீதி பிறகு. அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே அந்தக் காயம் சட்டத்தளவில் ஆறிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தோம்!

மூன்று ஏட்டில் மூன்று பெயர்

ஆறியது சட்டத்தளவில், வாழ்க்கையிலோ? எம்மிடம் வரும் விவகாரங்களில் அடிக்கடி வருவது இதுதான். ஐம்பத்தைந்து, அறுபது வயதுவரை உழைத்த தாய் ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கிறாள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். செக்ரோலில் எழுதுவினைஞன் தன் காதுக்குக் கேட்டபடி எழுதிய மற்றொரு பெயர். அடையாள அட்டையில் மொழி மாறி எழுத்துத் திரிந்த மூன்றாம் பெயர். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அவள் கந்தோர் கந்தோராக அலைகிறாள். சத்தியக் கடதாசிக்குப் பணம், பேருந்துக்குப் பணம், போன நாளுக்குப் பேர் இல்லை. அவள் செய்த தவறு என்ன? தன் பெயரைத் தானே எழுதும் வாய்ப்பு அவளுக்கு ஒருநாளும் தரப்படவில்லை என்பதே.

முகவரியைப் பாருங்கள். பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் இல்லை. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குப் போகிறது. அங்கிருந்து எப்போது, எவர் மூலம் வருமோ! வேலைக்கான நேர்முகக் கடிதம் திகதி கடந்து வந்தால் அந்தப் பிள்ளையின் எதிர்காலத்துக்கு எவர் பொறுப்பு? பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, சபையின் பணத்தைத் தோட்டத்துப் பாதைக்குச் செலவிடுவதற்கே தடை இருந்தது. வாக்களித்தோம், வரி கொடுத்தோம், பாதைக்கு மட்டும் நாம் அந்நியர்!

இந்நிலையில் அரசு டிஜிட்டல் அடையாளத் திட்டத்தை முன்னெடுத்து வருகிறது. நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் எச்சரிக்கிறோம்: பிழையான பெயரைக் காகிதத்தில் திருத்துவதே இவ்வளவு கடினம் என்றால், அதே பிழை இயந்திரத்துக்குள் ஏறிவிட்டால் எவரிடம் முறையிடுவது? எழுதுவினைஞனோடாவது வாதாடலாம், இயந்திரத்தோடு வாதாட முடியுமா? பிழை ஏறுமுன் திருத்துவதே அறிவுடைமை.

செய்ய வேண்டியவை

கண்டனத் தீர்மானம் நிறைவேற்றிக் கலைந்து போவதற்கு நாம் இங்கே கூடவில்லை. நான்கு காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, தராசு. வியாபாரத்தில் பயன்படும் தராசு பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டின் அளவைச் சட்டம். சர்க்கரை நிறுக்கும் தராசுக்குள்ள முத்திரை, உழைப்பை நிறுக்கும் தராசுக்கும் வேண்டும். எண் காட்டும் முகம் தொழிலாளியின் பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவையின்போதும் எடையும் கழிவும் தமிழில் எழுதிய சீட்டு அவர் கையில் தரப்பட வேண்டும். ஒருகாலத்தில் துண்டு நம்மைக் கட்டிற்று. இந்தத் துண்டு நம் கையில் இருக்கும் சான்றாகட்டும்.

இரண்டாவது, முகவரி. ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் இலக்கம். ஒவ்வொரு கடிதமும் உரியவர் கையில். பிரதேச சபையில் அமர்ந்திருக்கும் நம் உறுப்பினர்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே எழுப்ப வேண்டும்.

மூன்றாவது, பெயர். இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், எழுதுவினைஞர்கள் இருக்கிறீர்கள், சட்டத்தரணிகள் இருக்கிறோம். நம்மிற் பலர் லயத்திலிருந்து படித்து வந்தவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தோட்டப் பிரிவுக்குச் சென்று, கோவில் மடத்திலோ வாசிகசாலையிலோ அமர்ந்து, பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் சேமலாப நிதி இலக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பிழை உள்ளவற்றைத் திருத்த விண்ணப்பம் எழுதுவோம். ஐம்பத்தைந்து வயதில் அழுவதைவிட இருபத்தைந்து வயதில் திருத்துவது எளிது. இப்பணிக்கு நாம் கட்டணம் வாங்கமாட்டோம்.

நான்காவது, கேள்வி. அரசின் பொறுப்பிலுள்ள தோட்டங்களில் சேமலாப நிதி நிலுவை எவ்வளவு என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம். கேட்பவரின் வேலைக்கு ஆபத்து வருமென்று அஞ்சினால், தோட்டத்துக்கு வெளியே உள்ள நாம் கேட்போம். விடையைத் தமிழில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்டுவோம்.

தோழர்களே! துண்டை ஒழித்தவர்கள் வானத்திலிருந்து இறங்கியவர்கள் அல்லர். நாற்பதாண்டு, ஐம்பதாண்டு சகித்த மக்களும் அவர்களுக்காக ஏடு புரட்டிய படித்தவர்களும் ஒன்று சேர்ந்தபோதே அது ஒழிந்தது. படித்தவர் தனித்து நின்றால் மனு எழுதலாம், அவ்வளவே. உழைப்பவர் தனித்து நின்றால் வேலை நிறுத்தலாம். பசி வந்ததும் திரும்ப வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தராசின் முகத்தை நம் பக்கம் திருப்பலாம்.

அடுத்த மாதத்து முதல் ஞாயிறு இப்பணியைத் தொடங்குவோம். வரக்கூடியவர்கள் இக்கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து உங்கள் பெயரைத் தாருங்கள். முழுப்பெயரை, சரியான எழுத்தில், உங்கள் கையாலேயே எழுதித் தாருங்கள்!